பெற்ற தாயா என்று நான் கேட்காமல் விட்ட வீடு

உங்களுக்குக் கொடுத்திருக்கும் படிவத்தை நேற்று வாங்கிப் பார்த்தேன். எங்கள் காலத்துப் படிவத்தைவிட அழகாக இருக்கிறது. கேள்விகளைக் குறைத்திருக்கிறார்கள், எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். ஏழாம் கேள்வி மட்டும் அதே இடத்தில் அப்படியே கிடக்கிறது: 'நீங்கள் இந்தப் பிள்ளையைப் பெற்ற தாயா?' குழாயில் பெயர் ஒட்டுவதும் பெட்டியில் அடுக்குவதும் எப்படி என்று சொல்லித்தரத்தான் உங்கள் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். அதை அவரே சொல்லித்தரட்டும். நான் ஏழாம் கேள்வியைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறேன்.

நான் ஆய்வுகூடத்தில் இருபத்தைந்து வருடம் இரத்தம் பார்த்தவள். ஓய்வுக்குக் கிட்ட வந்த நேரத்தில்தான் இந்த எச்சில் வேலை வந்தது. யுத்தம் முடிந்து மூன்று வருடம் இருக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் இங்கத்தைய டொக்டர்மார் சிலரும் சேர்ந்து ஒரு ஆராய்ச்சி தொடங்கினார்கள். மற்றவருக்கு நோகும்போது சிலருக்கு மனம் துடிக்கிறது, சிலருக்கு இல்லை. அந்தக் குணம் தாயிடமிருந்து பிள்ளைக்கு மரபணுவில் வருகிறதா, வளர்ப்பில் வருகிறதா, இரண்டிலும் எவ்வளவு எவ்வளவு என்பதுதான் கேள்வி. நீங்கள் பள்ளிக்கூடத்தில் பரம்பரையலகு என்று படித்தீர்களே, அதுதான். சுனாமி அலையையும் யுத்தத்தையும் அடுத்தடுத்துக் கண்ட சனம் என்பதால் எங்கள் கரையைத் தெரிந்தெடுத்தார்கள். தாயிடமும் பிள்ளையிடமும் எச்சில் எடுக்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், பிள்ளைக்குச் சில படங்கள் காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மட்டக்களப்பில் வீடு வீடாகப் போய் எச்சில் கேட்பது லேசான காரியம் என்று நினைக்காதீர்கள். தலைமயிர், நகம், எச்சில் இவற்றை அந்நியர் கையில் கொடுத்தால் செய்வினை செய்துவிடுவார்கள் என்று பயப்படுகிற சனம் நாம். முதல் கிழமையில் ஒரு அம்மா, உங்களை ஆர் அனுப்பினது, அவங்கட பேரைச் சொல்லுங்க முதல்ல என்று என்னை வாசல் படலையிலேயே மறித்துவிட்டார். பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர்கள் கண்முன்னே நானே முதலில் ஒரு குழாயில் துப்பிக் காட்டுவேன். அந்த மாதங்களில் நான் துப்பாத ஊர் இந்தக் கரையில் இல்லை. கேள்விகளிலும் இதே கதைதான். 'ஒத்துணர்வு' என்று அச்சடித்திருந்தது ஒருவருக்கும் விளங்கவில்லை. அடுத்தவருக்கு நோகும்போது உங்களுக்கும் நோகுமா என்று கேட்டால்தான் பதில் வரும். எப்போதும், சிலவேளை, ஒருபோதும் இல்லை என்று மூன்று கட்டம் இருந்தது.

அந்த வீடு தேற்றாத்தீவில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் வீதி. கடல் பக்கத்து வீட்டு வளவைக் கைவிட்டு, வாவிப் பக்கம் கட்டிக்கொடுத்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். யோகம் என்ற பெண், அவளுடைய பத்து வயது மகள் நிரோசா, யோகத்தின் அண்ணன் தம்பிராசா. யோகத்தின் கணவரை அலை கொண்டுபோயிருந்தது. தம்பிராசா வாவியில் மீன்பிடிக்கிறவர், கலியாணம் செய்யவில்லை.

வீட்டில் இருக்கும் பெரியவர்களிடமும் கேள்வி கேட்க வேண்டும் என்பது விதி. தம்பிராசா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே பதில் சொன்னார். யாராவது அழுதால் உங்களுக்கும் அழுகை வருமா? ஒருபோதும் இல்லை. மற்றவர் துன்பத்தை நினைத்து நித்திரை குழம்புமா? ஒருபோதும் இல்லை. கடைசிக் கேள்வி வரை அதே பதில், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. என் வாய் சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் 'கல்' என்று எழுதினேன். அப்படி எழுதுவதற்கு எனக்கு யார் உரிமை தந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

யோகம் அதற்கு நேர் எதிர். எல்லாவற்றுக்கும் எப்போதும், எப்போதும். ரோட்டில் ஒரு நாய் நொண்டினால்கூடத் தனக்குக் கால் நோகும் என்றாள். பிள்ளைக்கு நான் படங்களைக் காட்டினேன். முகத்தில் கண் மட்டும் தெரியும்; அந்த ஆளுக்குக் கோபமா, பயமா, கவலையா, சந்தோசமா என்று பிள்ளை சொல்ல வேண்டும். நிரோசா டக் டக்கென்று சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு பெண்ணின் கண்ணைக் காட்டியபோது மட்டும் நின்றாள்.

"இவ அழல்ல மிஸ். அழக்கூடாது எண்டு இரிக்கா."

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. நான் 'கவலை' என்பதில் அடையாளம் போட்டேன்.

ஏழாம் கேள்விக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியில் வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். தாய் என்ன குடியோ பிள்ளையும் அந்தக் குடி. கோயில் உரிமை முதல் கலியாணப் பேச்சு வரை அதில்தான் நிற்கிறது. நான் இந்த மண்ணில் பிறந்தவள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீ இதைப் பெற்றாயா என்று ஒரு பெண்ணைக் கேட்க என்னால் முடியாது. அதுவும் அந்தக் கரையில். அலையில் எனக்கு ஒருவரும் போகவில்லை. எல்லாம் இழந்தவர்களின் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்திருக்க எனக்கு எப்போதும் ஒரு வெட்கம் இருந்தது. அதனால், நீங்கள் என்ன குடி என்று மட்டும் கேட்டேன். யோகம் தன் குடியின் பெயரைச் சொன்னாள். பிள்ளையும் அதே குடிதானே என்றேன். ஓம் என்றாள். குடியைச் சொன்னால் தாயைச் சொன்ன மாதிரி. ஏழாம் கேள்விக்கு 'ஆம்' போட்டுவிட்டு, நாசூக்காக நடந்துகொண்டேன் என்ற திருப்தியோடு பஸ் ஏறினேன். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் என்றால் கேள்வியை அச்சில் உள்ளபடி வாசித்திருப்பார். இந்தப் பிழையை நம்மவர்தான் விடுவோம்.

சில மாதம் கழித்து எங்கள் டொக்டர் என்னைக் கூப்பிட்டார். ஆராய்ச்சிக்கு இங்கே பொறுப்பாக இருந்த பெண் டொக்டர், அதிகம் பேசாதவர், நான் மதித்த ஆள். தேற்றாத்தீவு வீட்டுக் குழாய்கள் பொருந்தவில்லை என்றார். பெற்ற தாயிடமிருந்து பிள்ளைக்குப் பாதி வந்தே தீரும், இங்கே அது இல்லை. ஒன்று குழாய் மாறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் பெற்ற தாய் இல்லை. ஏழாம் கேள்வியைக் கேட்டீர்களா என்றார். கேட்டேன் என்று சொன்னேன். அது என் முதல் பொய், வாயில் இருந்து தானாக வந்தது. சரி, மாதிரி பழுதாகிவிட்டது என்று மட்டும் சொல்லி இன்னொரு தடவை எடுத்து வாருங்கள், வேறு ஒன்றும் பேச வேண்டாம் என்றார்.

போனேன். பிள்ளை பள்ளிக்கூடத்தில். தம்பிராசா வாவிப் பக்கம் தோணியில் ஏதோ செய்துகொண்டிருந்தார். நான் புதுக் குழாய் இரண்டை மேசையில் வைத்து, சொல்லச் சொன்னதைச் சொன்னேன். யோகம் ஒரு குழாயைக் கையில் எடுத்து, திறக்காமல் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"பழுதாகல்ல, என்ன மிஸ்?"

நான் மற்றக் குழாயை எடுத்து, அதில் ஒட்டிய சீட்டைத் தடவிக்கொண்டிருந்தேன். அதையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். அவள் சொன்னதை நான் சுருக்கித்தான் சொல்கிறேன். நிரோசா என்பது அவள் பெற்ற மகளின் பெயர். இரண்டு வயதில் அலையில் போன பிள்ளை, உடலும் கிடைக்கவில்லை. அலைக்கு மறுநாள் தம்பிராசா வாவிக்கரையில், தண்ணீரோரக் கண்ணா மரப் பற்றைக்குள், உயிரோடு ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்திருக்கிறார். அதே வயது, உடம்பில் துணி இல்லை, அம்மா என்ற சொல்லைத் தவிர வேறு பேச்சு இல்லை. யோகம் அப்போது சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் ஒரு பாயில் கிடந்தாள். அண்ணன் குழந்தையைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் கிடத்தினார். குழந்தை அவளுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. யோகம் எழும்பிச் சோறு தின்றாள். முகாமுக்குப் போனால் யாராவது கேட்பார்கள் என்று முகாமுக்குப் போகாமல் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் இருந்தார்கள். மகளின் சாவை அவள் பதியவில்லை. மகளின் பிறப்புச் சான்றிதழே இந்தப் பிள்ளைக்கு ஆனது. ஊரில் பலருக்குத் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இனி என்ன நடக்கும் என்று அவளுக்கு இரண்டு பயம். பிள்ளையை யாராவது வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். அப்படி ஒருவரும் வராவிட்டாலும், விசயம் வெளியே வந்தால் பிள்ளை குடி தெரியாத பிள்ளையாகிவிடும். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, யாரும் வரமாட்டார்கள் என்று ஏதோ சொன்னேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"வருசா வருசம் அந்த நாளில சாமி தட்டில ரெண்டு விளக்கு வைக்கிற நான். ஒண்டு என்ட புள்ளைக்கு. அதுக்கு இப்ப அதுட பேரும் இல்ல, அதையும் எடுத்து இதுக்குக் குடுத்திட்டன். மற்றது இவளப் பெத்தவக்கு. அவ செத்திரிக்க வேணும் எண்டு கும்பிட்டுத்தான் மிஸ் வைக்கிற. இதுக்கு உங்கட கடதாசியில எந்தக் கட்டம்?"

எல்லாக் கேள்விக்கும் எப்போதும் என்று சொன்னவள் அவள். நான் குனிந்துகொண்டேன்.

தம்பிராசா வந்து வாசலில் நின்றார். பிள்ளையைத் தேடி வந்தவர்களை விசாரித்தீர்களா என்று அவரைக் கேட்டேன். இல்லை என்றார். அந்தக் கிழமை முழுக்க அவர் கரையில் பிணம் தூக்கியிருக்கிறார், தெரிந்த பிள்ளைகளின் பிணம் உட்பட. உங்களுக்கு அழுகை வரவில்லையா என்று கேட்டது என் புத்தி கெட்ட வாய்தான்.

"அழுதுகொண்டு தூக்கினா கை நடுங்கும் மிஸ். கீழ போட்டிருவம். அண்டைக்கு விட்டதுதான், பொறகு வரல்ல."

'கல்' என்று நான் எழுதிய படிவம் கொழும்பில் ஏதோ ஒரு அலுமாரியில் இருந்தது. அதை அழிக்க எனக்குக் கை எட்டவில்லை. வெறுங்குழாய் இரண்டையும் மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

எங்கள் அலுவலகம் இருந்த களுவாஞ்சிக்குடிக்கு வந்து சேர்வதற்குள் முடிவெடுத்துவிட்டேன். அறிக்கையில் இப்படி எழுதினேன்: களத்தில் குழாய் மாறியது என் பிழை, வீட்டார் மீண்டும் மாதிரி தர விரும்பவில்லை, இந்த வீட்டை நீக்கவும். ஒப்பமிட்டு அனுப்பியும் விட்டேன். பிழையை என் தலையில் போட்டுக்கொண்டு ஒரு தாயைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு மத்தியானம் ஒரு அகப்பை சோறு கூடச் சாப்பிட்டேன்.

நாலைந்து நாள் போயிருக்கும். காலையில் அலுவலகம் திறக்கும்போதே யோகம் படியில் இருந்தாள். பஸ்ஸில் தனியாக வந்திருந்தாள். கைலேஞ்சித் துணியைப் பிரித்து ஒரு குழாயை நீட்டினாள். பிள்ளையின் எச்சிலை எடுத்து, நான் செய்ததைப் பார்த்த ஞாபகத்தில் மூடியும் இறுக்கியிருந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு, எல்லாம் முடித்துவிட்டேன், ஒருவருக்கும் தெரியவராது, நிம்மதியாகப் போய் இருங்கள் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்து, உங்களுக்கு நிம்மதியா மிஸ் என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"சொல்லாம இருந்த வரைக்கும் அது கும்பிடுதான் எண்டு நினைச்சன். உங்களுக்குச் சொன்ன பொறகுதான் அது என்னெண்டு விளங்கினது. அவ இருந்தா, எட்டு வருசமா நான் அவவக் கொல்லுறன். இதை வச்சுத் தேடிப் பாருங்க."

இந்தக் குழாயை வைத்து அப்படித் தேட முடியாது என்று விளக்கினேன். ஆராய்ச்சிக்குக் கொடுத்த எச்சில் ஆராய்ச்சிக்கு மட்டும்தான். தேடுவதென்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது; பிரதேச செயலகத்தில் சிறுவர் உத்தியோகத்தர் இருக்கிறார், பிறகு நீதிமன்றம் இருக்கிறது. அந்த வழியில் போனால் பிள்ளை கையை விட்டுப் போகவும் கூடும், அதையும் சொன்னேன். அவள் குழாயைத் திரும்பக் கைலேஞ்சியில் சுற்றினாள். எப்ப போகலாம் என்று மட்டும் கேட்டாள்.

அந்த வழியில் என் பொய் குறுக்கே கிடந்தது. குழாய் மாறியது என்று நானே ஒப்பமிட்டிருக்கிறேன். நாளைக்கு உத்தியோகத்தர் ஆராய்ச்சிக்காரரைக் கேட்டால், ஒன்றுமில்லை, களப்பிழை என்றுதான் பதில் போகும். டொக்டரிடம் போய் இரண்டு பொய்யையும் சொன்னேன். கேள்வி கேட்காததையும் குழாய் மாறாததையும். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் என் அறிக்கையை எடுத்து மறுபடி வாசித்தார்.

"அந்த வீட்டில் உங்களுக்கு நெஞ்சு நொந்தது. அந்த நோவுக்கு நீங்கள் மருந்து போட்டுக்கொண்டீர்கள். அதை அந்தத் தாய்க்குச் செய்த உதவி என்று நினைக்காதீர்கள்."

பிறகு அந்த அறிக்கையைத் திருத்தி எழுதவைத்தார். ஆராய்ச்சி முடியும்வரை என்னைக் களத்துக்கு அனுப்பவில்லை. உள்ளே இருந்து பெயர் ஒட்டினேன். அது நியாயம்தான். யோகத்தோடு செயலகத்துக்குப் போக மட்டும் எனக்கு லீவு தந்தார், நான் கேட்காமலே.

சிறுவர் உத்தியோகத்தர் வயதான, பொறுமையான மனிதர். காணாமல் போன பிள்ளைகளைத் தேடி எழுதிக்கொடுத்தவர்களின் கடிதக் கோவை அவரிடம் இருந்தது. அதில் ஒரு கடிதம் எல்லா விதத்திலும் ஒத்துவந்தது. பூரணம் என்ற பெண், வாவிக்கு மேற்கே, மண்டூருக்கு அப்பால் படுவான்கரைக் கிராமம் ஒன்றில் இருப்பவள். இரண்டு வயது மகளைக் கடற்கரையில் இருந்த தங்கை வீட்டில் விட்டிருந்தாள். அலையோடு தங்கை குடும்பமே போய்விட்டது. பூரணம் வாவியைக் கடந்து வந்து முகாம் முகாமாகத் தேடியிருக்கிறாள். பிறகு அவளுடைய ஊரில் சண்டை பிடித்தது, இடம்பெயர்ந்தாள், கரைக்கு வர வழியில்லை. யுத்தம் முடிந்த பிறகுதான் திரும்ப வந்து எழுதிக்கொடுத்திருக்கிறாள். இடையில் எத்தனை வருடம் என்று நினைத்துப் பாருங்கள். நான் 'நீக்கவும்' என்று எழுதியபோது நீக்கியது இவளைத்தான். இவள் என் எதிரே கதிரையில் இருக்கவில்லை, அதனால் இவளுக்காக என் நெஞ்சு நோகவில்லை.

பரிசோதனைக்கு முன் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்றார் உத்தியோகத்தர். யோகம் என்னையும் பக்கத்தில் இருக்கச் சொன்னாள். நிரோசாவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, நான் உன்னைப் பெறவில்லை என்று தொடங்கினாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. பிள்ளை தாயின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும் அம்மா. மூணாம் வகுப்பிலயே பிள்ளைகள் சொன்னாங்க."

ஏன் என்னைக் கேட்கவில்லை என்றாள் யோகம்.

"கேட்டா நீங்க அழுவீங்க."

ஏழு வயதிலிருந்து பத்து வயது வரை, அதற்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். படத்தில் அந்தக் கண்ணைக் கண்டதும் அவள் ஏன் நின்றாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பிள்ளையினதும் பூரணத்தினதும் இரத்தம் நீதிமன்றம் சொன்ன இடத்துக்குப் போனது. பதில் வரச் சில வாரங்கள் எடுத்தன. அந்த வாரங்களில் யோகம் மெலிந்துபோனாள். பிள்ளையின் உடுப்புகளைத் தோய்த்து மடித்துப் பெட்டியில் வைத்திருந்தாள், போகச் சொன்னால் போவதற்கு.

பதில் வந்த அன்று எல்லோரையும் செயலகத்துக்கு வரச் சொன்னார்கள். ஒரு நீள வாங்கில் யோகமும் நிரோசாவும் தம்பிராசாவும் உட்கார்ந்திருந்தார்கள். எதிர் வாங்கில் பூரணம், மெலிந்த பெண், மடியில் கடதாசியில் சுற்றிய பார்சல். அவள் பிள்ளையையே பார்த்தாள். காதைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், திரும்ப முகத்தைப் பார்த்தாள். உத்தியோகத்தர் கடிதத்தை இரண்டு தடவை தனக்குள் வாசித்துவிட்டு, பொருந்தவில்லை என்றார். இந்தப் பிள்ளை பூரணத்தின் பிள்ளை இல்லை.

பூரணம் பார்சலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் யோகத்தைப் பார்த்தேன். எட்டு வருடம் அவள் பயந்த பயம் அந்த நிமிடத்தில் தீர்ந்தது. மகளைக் கட்டிப்பிடித்து அழப்போகிறாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் எழும்பி உத்தியோகத்தரின் மேசையடிக்குப் போனாள்.

"இன்னொருக்காப் பாருங்க சேர். பிழை வந்திரிக்கும். அவவ நல்லாப் பாருங்க, எவ்வளவு காலமாத் தேடுறா."

தன் பிள்ளையை இழக்கிறதற்குத் தானே மன்றாடிக்கொண்டு நின்றாள். உத்தியோகத்தர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பிழை இல்லை அம்மா என்றார். யோகம் திரும்பிப் போய்ப் பூரணத்துக்குப் பக்கத்தில் அந்த வாங்கிலேயே இருந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அந்த அறையில் அழாதவர் தம்பிராசா மட்டும்தான்.

போகும்போது பூரணம் பார்சலைப் பிள்ளையிடம் கொடுத்தாள். பத்து வயதுப் பிள்ளைக்கு அளவாக அவள் தைத்த சட்டை. என் மகளுக்குத் தைத்தது, நீ போடு மகள் என்றாள். நிரோசா தாயின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அங்கேயே போட்டிருந்த சட்டைக்கு மேலே அதைப் போட்டுக் காட்டினாள். அளவு சரியாக இருந்தது. தம்பிராசா பூரணத்தைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு படகுத் துறைக்குப் போனார். மண்டூர்ப் படகு அக்கரையில் சேர்ந்து அவள் இறங்கி நடக்கும் வரை அவர் வெயிலில் நின்றதாக, அன்று துறையில் நின்ற ஒருவர் பிறகு எனக்குச் சொன்னார்.

நீதிமன்றம் பிள்ளையை யோகத்திடமே விட்டது. பெற்ற மகளின் சாவை யோகம் பதிந்தாள். பெயர் மட்டும் மாறவில்லை, கூப்பிட்டுப் பழகிவிட்டது. அடுத்த வருடம் கோயிலில் ஒரு பெரியவர் பிள்ளையின் குடியைப் பற்றி மெல்லக் கதை எடுத்திருக்கிறார். தாய்மாமனாக நான் நிற்கிறேன், இவள் எங்கள் குடிப்பிள்ளை, வேறு கதை வேண்டாம் என்று தம்பிராசா சொன்னதும் அந்தக் கதை அங்கேயே முடிந்தது.

இந்த வீட்டை வைத்து என்ன முடிவுக்கு வரலாம் என்று ஒருநாள் டொக்டரைக் கேட்டேன். எப்போதும் என்ற தாய், ஒருபோதும் இல்லை என்ற அண்ணன், இருவருக்கும் ஒட்டோ உறவோ இல்லாத பிள்ளை. ஒரு முடிவுக்கும் வரமுடியாது என்றார். ஒரு வீடு எதையும் நிரூபிக்காது, ஆயிரக்கணக்கான வீடு வேண்டும், மரபணுவுக்கு ஒரு பங்கு இருக்கத்தான் செய்யும் என்றார். அவர் சொன்னது சரி. நானும் அதை மறுக்கவில்லை. அந்த ஆயிரம் வீடுகளுக்கும் இனி நீங்கள்தான் போகப்போகிறீர்கள்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இதுதான். ஏழாம் கேள்வியைக் கேளுங்கள். பிள்ளையை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தி, அச்சில் உள்ளபடி கேளுங்கள். பதில் சொல்ல விரும்பாவிட்டால் விடலாம் என்றும் சொல்லுங்கள். ஆனால் உங்களுக்கு நோகிறது என்பதற்காகக் கேள்வியைத் தாண்டாதீர்கள். படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒன்றும் எழுதாதீர்கள்.

போன வருடம் அலை வந்த நாளில் தேற்றாத்தீவுக்குப் போயிருந்தேன். நிரோசா படித்து முடித்து வேலைக்குப் போகிறாள். பூரணமும் வந்திருந்தாள், ஒவ்வொரு வருடமும் வருகிறாளாம். மாலையில் யோகம் சாமி தட்டில் தன் மகளுக்கு ஒரு விளக்கு வைத்தாள். பூரணம் தன் மகளுக்கு ஒன்று வைத்தாள். மூன்றாவது விளக்கை யோகம் கையில் ஏந்தி, காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு, முற்றத்தைக் கடந்து போய்ப் படலையடியில் வைத்தாள். இது ஆருக்கு என்று கேட்டேன்.

"இவளப் பெத்தவக்கு மிஸ். வந்தா வழி தெரிய வேணுமே."